எஞ்சின் கடந்த பிறகு

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே உறுதியில்லை. நடந்தது ஜனவரியின் கடைசிச் சனிக்கிழமை என்று எனக்கு ஒரு ஞாபகம். இல்லை, அப்போது பிப்ரவரி பிறந்துவிட்டது என்கிறார்கள் எங்கள் ஊரில் சிலர். மெர்வின் டால்க்விஸ்ட் இதை என்னிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. ஒரு குளிர்காலத்தில் ஒரு வாக்கியம் சொல்வான். அதற்கு அடுத்த வாக்கியம் மறுவருஷம் வரும். இடையில் காபி ஆறிப்போகும். அவன் சொல்லாமல் விட்ட இடங்களை நான் நிரப்பியிருக்கக்கூடும். எது அவனுடையது, எது என்னுடையது என்று இப்போது பிரித்தெடுக்க முடியவில்லை.

எங்கள் ஊர் நெப்ராஸ்காவில், நதியை விட்டு விலகி, மேட்டுநிலத்தில் இருக்கிறது. ஊருக்கு வடக்கே பால் பண்ணை ரோடு தண்டவாளத்தைக் கடக்கிறது. தண்டவாளம் வடக்கு தெற்காகப் போகும், ரோடு கிழக்கு மேற்காகப் போகும். சரளைக்கல் ரோடு. தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கம்பம், கம்பத்துக்கு இரண்டு சிவப்பு விளக்கு, ஒரு மணி. குறுக்கே இறங்கும் கட்டை கிடையாது. கட்டை வைக்கும் அளவுக்கு அந்த ரோட்டில் போக்குவரத்து இல்லை என்று ரயில்வேக்காரர்கள் எப்போதோ முடிவு செய்திருந்தார்கள்.

மெர்வின் சனிக்கிழமைகளில் அங்கே போய் நிற்பான். வாரம் முழுவதும் அறுவடை இயந்திரங்களுக்கு உதிரிபாகம் விற்கும் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவன், சனிக்கிழமை மட்டும் தண்டவாளத்தின் ஓரத்தில் நின்றான். கழுத்தில் கேமரா, இடுப்பில் ரயில் டிரைவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்கிற சின்ன ரேடியோ. இது எங்கள் பக்கத்தில் பெரிய விசித்திரம் ஒன்றும் இல்லை. சிலர் வாத்து சுடப் போவார்கள், சிலர் உறைந்த குளத்தில் துளை போட்டு மீன் பிடிக்கப் போவார்கள், சிலர் சரக்கு ரயிலைப் படம் எடுக்கப் போவார்கள். மனைவி விட்டுப் போன பிறகு மெர்வின் ஒரு சனிக்கிழமையும் தவறியதில்லை. அதற்கு முன்பும் அதிகம் தவறியதில்லை. அவள் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள்.

ரயிலைப் படம் எடுப்பவர்களுக்குச் சில வழக்கங்கள் உண்டு. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். வெளிச்சம் எஞ்சினின் முகத்தில் விழ வேண்டும். மத்தியானத்துக்கு மேல் என்றால் தண்டவாளத்துக்கு மேற்கே நிற்க வேண்டும். கம்பமும் கம்பியும் படத்துக்குள் வந்துவிடக் கூடாது. முகம்தான் முக்கியம். முகம் கடந்துவிட்டால் ரயிலே கடந்துவிட்டதாகக் கணக்கு. பின்னால் ஒரு மைல் நீளத்துக்குப் பெட்டிகள் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மெர்வின் தலையைக் குனிந்து, கேமராவின் சின்னத் திரையில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பான். சரியில்லாதவற்றை அங்கேயே அழித்துவிடுவான்.

இதில் அவனைக் கேலி செய்கிறவன் ஒருவன்தான். டுவேன் ஹெக்ட். அவனும் ரயில் பைத்தியம்தான், ஆனால் பெட்டிகளின் மேல் யாரோ கிறுக்கிவிட்டுப் போன படங்களைப் படம் எடுக்கிற வேறு மாதிரிப் பைத்தியம்.

"கல்யாணத்துக்குப் போயி மாப்பிள்ள மூஞ்சிய மட்டும் பாத்துட்டு, பந்தியில ஒக்காராம திரும்பி வர்றவன்டா நீ" என்பான்.

"பந்தியில என்ன இருக்கு? எல்லாம் ஒரே மாதிரி பெட்டி."

"உனக்குத்தான் ஒரே மாதிரி. குனிஞ்சுக்கிட்டே இருந்தா எல்லாம் ஒரே மாதிரிதான்."

அந்தச் சனிக்கிழமை டுவேன் வரவில்லை. மூட்டு வலி. மெர்வின் தனியாக நின்றான். மூன்று எஞ்சின்கள் பூட்டிய வண்டி ஒன்று வடக்கிலிருந்து வந்தது. குளிர்கால வெயில் தென்மேற்கிலிருந்து சாய்ந்து, எஞ்சினின் முகத்தில் முழுசாக விழுந்தது. நல்ல படம் என்று எடுக்கும்போதே தெரிந்துவிட்டது. எஞ்சின்கள் ஊதிக்கொண்டே கடந்தன. தானியப் பெட்டிகள் வந்தன. அதற்குப் பின்னால், சரக்கில்லாத தட்டை வேகன்கள், ஆள் இடுப்பு உயரத்துக்கு மேல் ஒன்றும் இல்லாமல் வெறும் மேடையாக, வரிசையாக வந்தன. மெர்வின் அவற்றைப் பார்க்கவில்லை. குனிந்துவிட்டான்.

முதல் படத்தில் மணிக் கம்பம் குறுக்கே விழுந்திருந்தது. அழித்தான். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் வெளிச்சம் சரியாக இருந்தது. அதைப் பெரிதாக்கி, எஞ்சினின் நம்பர் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்தான். அப்போதுதான் சத்தம் கேட்டது. இரும்புக் கதவை அறைந்து சாத்தியது போல ஒரு சத்தம். அதன் பிறகு ஒன்றுமில்லை. வேகன்கள் தட்தட்டென்று ஓடிக்கொண்டே இருந்தன.

நிமிர்ந்தான். வேகன்களுக்கு அந்தப் பக்கம், கிழக்கே, பள்ளத்தில் ஒரு வெள்ளைக் கார் கிடப்பது வேகன்களின் வெறும் மேடைக்கு மேலாகத் தெரிந்தது. ரயில் நிற்கவில்லை. அரை மைல் முன்னால் இருந்த டிரைவருக்குத் தன் வண்டியின் நடுவில் ஏதோ வந்து முட்டியது தெரிய வாய்ப்பில்லை. மெர்வின் ரயில் முடியும் வரை நின்றான். வேறு வழியில்லை. ரயில் முடிந்தது. மணி நின்றது. எந்த மணி, எப்போதிலிருந்து அடித்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. நின்றபோதுதான் அது அடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

காரில் இருந்தவள் ஜானெல் வாவ்ரா. எமில் வாவ்ராவின் மகள். கல்யாணம் முறிந்து, இலையுதிர்காலத்தில் அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தவள். காரின் ரேடியோவில் யாரோ மாட்டுத் தீவன விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மெர்வின் அவள் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தான். துடிப்பு இல்லை. போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். பிறகு கம்பத்தில் இருந்த நீலப் பலகையின் நம்பரைக் கூப்பிட்டு, ரயில்வேக்குத் தகவல் சொன்னான். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை காருக்குப் பக்கத்தில் நின்றான். கேமரா கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது படம் திரையில் அப்படியே பெரிதாக்கியபடி இருந்ததை வீட்டுக்குப் போய்க் கழற்றும்போதுதான் பார்த்தான்.

ஷெரீப் ஆபீஸிலிருந்து வந்த ஆள் இளைஞன். கையுறையைக் கழற்றிவிட்டுக் கேட்டான்.

"மோதுனத நீங்க பாத்தீங்களா?"

"சத்தம் கேட்டு நிமிந்தேன்."

"அதுக்கு முன்னால?"

"ரயில் போய்க்கிட்டு இருந்துது."

"கார் பிரேக் போட்ட சத்தம் ஏதாவது கேட்டுதா?"

"இல்ல. கேக்கல."

"கேமராவுல ஏதாவது இருக்கா?"

"எஞ்சின் மட்டும்தான்."

உறைந்த சரளைக்கல்லில் டயர் தடம் தேடினார்கள். அதற்குள் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் அதன் மேலேயே வந்து திரும்பியிருந்தன. விளக்கும் மணியும் சரியாக வேலை செய்தன என்று ரயில்வேயின் கருவி காட்டியது. மிச்சமிருந்தது மெர்வின் சொன்ன ஒரு வார்த்தை.

வாயிலிருந்து புறப்பட்ட வார்த்தைக்குக் கால் முளைக்க எங்கள் ஊரில் ஒரு வாரம் போதும். பிரேக் சத்தம் கேட்கவில்லை என்றது, காபிக் கடைக்கு வருவதற்குள் அவள் பிரேக்கே போடவில்லை என்று ஆனது. சர்ச் கூடத்தில், அடக்கம் முடிந்து எல்லோரும் கசகசா வைத்த கொலாச்சி ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தபோது, அது இன்னும் ஒரு படி மேலே ஏறியிருந்தது. பட்டப்பகலில், விளக்கு எரியும்போது, ஒரு மைல் நீளத்துக்கு ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதன் நடுவில் ஒருத்தி காரைக் கொண்டுபோய் விடுகிறாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்கள். பாவம், அவளுக்கு என்ன கஷ்டமோ, என்றார்கள்.

மெர்வின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. துக்கம் வரும் என்று எதிர்பார்த்தான், வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் கன்னம் ஒரு மாதிரி தடித்து, தொட்டாலும் தன்னுடையது இல்லாதது போல இருக்குமே, அப்படி உடம்பு முழுவதும் இருந்தது. ரொட்டியைக் கடித்தான். இனிப்பு என்று தெரிந்தது, தித்திக்கவில்லை.

டுவேன் வெளியே வண்டியில் சாய்ந்து நின்றான்.

"மெர்வ், ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்காத."

"கேளு."

"நீ நெசமாவே கேக்கலையா, இல்ல காது குடுக்கவே இல்லையா?"

"புரியல."

"புரியலன்னா வுடு" என்றான் டுவேன். வண்டியின் கதவைத் திறந்தவன் மறுபடி சாத்தினான். "ஒரு மைல் ரயில் இரும்பு சத்தத்துல, அந்தப் பக்கத்துல ஒரு காரு பிரேக் போட்டா எவனுக்குடா கேக்கும்? எனக்கும் கேக்காது, பாதிரியாருக்கும் கேக்காது. ஆனா அந்த ஷெரீப் ஆளு கேட்டதுக்கு நீ 'கேக்கல'ன்ன. தெரியாதுன்னு சொல்லியிருக்கணும்."

காற்று வீசியது. இரண்டு பேரும் அவரவர் வண்டியில் ஏறிப் போனார்கள்.

மூன்று வாரமோ நான்கு வாரமோ கழித்து எமில் வாவ்ரா உதிரிபாகக் கடைக்கு வந்தார். எழுபது தாண்டியவர். மாடு வளர்ப்பவர். வைக்கோல் கட்டும் இயந்திரத்தின் பெல்ட் வேண்டும் என்றார். குளிர்காலத்தில் யாரும் வைக்கோல் கட்டுவதில்லை. மெர்வின் பெல்ட்டை எடுத்து வந்து கவுண்டரில் வைத்தான். எமில் அதை எடுக்கவில்லை.

வெகுநேரம் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. மூலையில் ஹீட்டர் மட்டும் ஓடியது.

"பிரேக் போடலன்னு சொன்னியாமே" என்றார்.

"சத்தம் கேக்கலன்னு சொன்னேன், எமில்."

"கேட்டுக்கிட்டு இருந்தியா?"



"இல்ல" என்றான் மெர்வின். "குனிஞ்சு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"எத?"

"படத்த."

"எந்தப் படத்த?"

"ரயில் படத்த. அப்பத்தான் எடுத்தது."

எமில் அதை மனசுக்குள் புரட்டிப் பார்ப்பது போல நின்றார். "கண்ணு முன்னால ரயில் ஓடுது. நீ ரயில் படத்தப் பாத்துக்கிட்டு நின்ன" என்றார். அதில் கோபம் இல்லை. புரிந்துகொள்ளப் பார்க்கிற குரல்.

"ஆமா."

"சரி. அப்ப உனக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாது."

எமில் தொப்பியைக் கழற்றினார். நெற்றியில் வெயில் படாத இடம் வெளுப்பாக இருந்தது.

"அன்னிக்கு மத்தியானம் நான் அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டேன். பெரிசா ஒண்ணுமில்ல. மாட்டுக்குத் தண்ணி உறைஞ்சு கெடக்கு, அத ஒடைக்காம ஜன்னல்கிட்ட ஒக்காந்திருந்தா. 'நாப்பது வயசுல அப்பன் வீட்டு ஜன்னல் என்னத்த காட்டுது உனக்கு'ன்னேன். எழுந்திரிச்சுப் போயி ஐஸ ஒடைச்சுட்டு வந்தா. அப்புறம் பால் வாங்கிட்டு வரேன்னு சாவிய எடுத்தா. பால் வீட்ல இருந்துது." தொப்பியைக் கவுண்டரில் வைத்தார். "ஊருக்காரன் என்ன வேணா சொல்லட்டும். எனக்கு ஒண்ணுதான் தெரியணும். அவ அந்த ரயிலப் பாத்தாளா, பாக்கலையா?"

எமில் அவனிடம் பதில் இருக்கும் என்று வந்ததாகத் தெரியவில்லை. பெல்ட்டைத் திரும்ப அவன் பக்கம் தள்ளினார்.

"சனிக்கெழம நீ அங்க போவியா இப்பவும்?"

"அதுக்கப்புறம் போகல."

"இந்த சனிக்கெழம வா. நான் வந்து கூட்டிக்கிறேன். கேமராவ எடுத்துக்க."

எமிலின் பிக்கப் பழசு. இருக்கையில் நாய் முடியும் தீவன வாசனையும். சனிக்கிழமை பிற்பகல் இருவரும் முதலில் வாவ்ரா பண்ணைக்குப் போய், அங்கிருந்து புறப்பட்டார்கள். ஜானெல் புறப்பட்ட அதே வாசலிலிருந்து, அதே ரோட்டில், மேற்கு நோக்கி. எமில் மெதுவாக ஓட்டினார். ரோடு ஒரு மேட்டில் ஏறி, இறங்கி, தண்டவாளம் வரைக்கும் நேராகப் போகும். மேட்டின் உச்சிக்கு வந்ததும் சூரியன் கண்ணாடிக்குள் வந்துவிட்டது. எமில் கண்ணாடிக்கு மேலிருந்த மறைப்பை இறக்கினார். அது பாதியைத்தான் மறைத்தது.

தண்டவாளத்துக்கு முன்னால், ரோட்டு ஓரத்தில் வண்டியை நிறுத்தினார்.

"இங்கயே எறங்கு. இங்கேருந்து எடு."

மெர்வின் இறங்கினான். காலுக்கடியில் பனி நொறுங்கியது. கேமராவைக் கையில் எடுத்தான், பிறகு தண்டவாளத்தைக் கடந்து மேற்குப் பக்கம் போக நடந்தான். கால் பழகிய வழி அது.

"எங்க போற?"

"அந்தப் பக்கம்."

"இந்தப் பக்கந்தான். அவ இந்தப் பக்கமாத்தானே வந்தா?"

"இந்தப் பக்கத்துலேருந்து எடுக்க மாட்டாங்க எமில். இந்த நேரத்துக்கு எடுத்தா ஒண்ணும் தெரியாது. நேரா வெயிலு. ரயில் வந்ததே தெரியாது படத்துல."

சொல்லி முடித்த பிறகுதான் அவன் நின்றான்.

எமில் வண்டிக் கதவைப் பிடித்தபடி அவனைப் பார்த்தார். மெர்வின் தரையைப் பார்த்தான். இருபது வருஷமாக அவன் இந்த இடத்துக்கு வருகிறான். பிற்பகலில் கிழக்குப் பக்கம் நிற்கக் கூடாது என்று டுவேனுக்குத் தெரியும், பக்கத்து ஊரிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியும், கேமரா வாங்கிய முதல் மாதத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அன்றைக்கு நல்ல வெளிச்சம் என்று அவனே நினைத்தான். அவனுக்கு நல்ல வெளிச்சம். அதே வெளிச்சம் எதிர்ப்பக்கம் எங்கே போய் விழுகிறது என்று ஒரு தரம்கூட நினைத்ததில்லை. ஷெரீப் ஆபீஸ் இளைஞன் கேட்டபோதும் நினைக்கவில்லை. இத்தனை வாரம் படுக்கையில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோதும் நினைக்கவில்லை.

"திரும்பச் சொல்லு" என்றார் எமில்.

மெர்வின் திரும்பச் சொன்னான். இந்த முறை மெதுவாக. குரலில் ஒன்றும் இல்லை.

எமில் தலையாட்டினார். "அப்ப இங்கேருந்தே எடு" என்றார்.

காத்திருந்தார்கள். இடுப்பு ரேடியோவில் அவ்வப்போது யாரோ யாருக்கோ பேசினார்கள். எமில் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி, மூடியை மெர்வினிடம் நீட்டினார். இருவரும் ஒரே மூடியில் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு வண்டி வந்தது, ஆனால் அது தெற்கிலிருந்து வந்த நிலக்கரி வண்டி, உயரமான பெட்டிகள். அது வெயிலை மறைத்து, நிழலை இவர்கள் மேல் போட்டுவிட்டுப் போனது.

"இது தெரியுதே" என்றார் எமில்.

"ஒசரமான பெட்டி. அன்னிக்கு நடுவுல வந்தது தட்ட வேகன்."

"அது நீ பாத்தியா?"

"சத்தம் கேட்டு நிமிந்தப்ப அதுதான் போய்க்கிட்டிருந்துது. அந்தப் பக்கம் கார் தெரிஞ்சுது. ஒசரமான பெட்டியா இருந்தா கார் தெரிஞ்சிருக்காது." இதை மட்டும் அவன் உறுதியாகச் சொன்னான். அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது இது ஒன்றுதான்.

எமில் வண்டிக்குள் போய் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு ரயில் வராமலே போய்விடும் போலிருந்தது. வெயில் போய்விட்டால் வந்ததில் பயனில்லை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை காத்திருக்க எமிலால் முடியும், மாடு வளர்ப்பவருக்குக் காத்திருப்பது புதிதில்லை. தன்னால் இன்னொரு தடவை வர முடியாது என்று மெர்வின் நினைத்தான்.

வடக்கிலிருந்து ஊதும் சத்தம் கேட்டது. இரண்டு நீளம், ஒன்று குட்டை, இன்னொன்று நீளம். மணி அடிக்கத் தொடங்கியது. விளக்குகள் மாறி மாறி எரிந்தன. எரிகின்றனவா என்று பார்க்க மெர்வின் கையால் நெற்றியை மறைத்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய வேண்டியிருந்தது. நேராக நின்றால் கம்பம் கறுப்புக் கோடாகத் தெரிந்தது, விளக்கு வெயிலுக்குள் போய்விட்டது. எஞ்சின்கள் கடந்தன. பழக்கத்தில் அவன் விரல் பொத்தானுக்குப் போனது. அழுத்தவில்லை. முதல் முறையாக எஞ்சினை விட்டுவிட்டான். தானியப் பெட்டிகள் கடந்தன. பிறகு கலவையாக என்னென்னவோ வந்தது. அதன் பின்னால் தட்டை வேகன்கள்.

ஒரே வரிசையாக, நிறைய. மெர்வின் ரோட்டின் நடுவில், ஒரு காரில் உட்கார்ந்தவளின் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்கு முழங்காலை மடக்கிக் குனிந்து, கண்ணைக் கேமராவில் வைத்தான். தெரிந்தது வெள்ளை மட்டும். பொத்தானை அழுத்தினான். அழுத்திக்கொண்டே இருந்தான். தரையதிர்வும் இரும்புச் சத்தமும் காதுக்குப் பக்கத்தில் இருந்தன. கேமராவுக்குள் ரயில் இல்லை. வெள்ளையின் அடியில் ஒரு கறை போல ஏதோ நடுங்கியது, அவ்வளவுதான். அதையும் ரோட்டு நிழல் என்று எவரும் சொல்லிவிடலாம்.

வண்டி போனது. மணி நின்றது. எமில் இறங்கி வந்தார். வண்டிக்குள் உட்கார்ந்து, கண்ணாடி ஏற்றி, முழுவதையும் பார்த்திருந்தார். கண்களில் நீர் வழிந்திருந்தது. அது வெயிலுக்கு வந்ததா என்று மெர்வின் கேட்கவில்லை.

திரையைக் காட்டினான். எமில் தொப்பியால் நிழல் செய்துகொண்டு பார்த்தார்.

"இதுல ரயில் இருக்கா?"

"இருக்கு."

"எங்க?"

மெர்வின் விரலால் காட்டினான். எமில் வெகுநேரம் அந்த இடத்தைப் பார்த்தார். அடுத்த படம் கேட்டார். அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"உள்ள ஒக்காந்தா மணி கேக்கல" என்றார். "ஹீட்டர் போட்டேன், அவ போடுவாளே. ரேடியோவும் போட்டேன். ஒண்ணும் கேக்கல."

"அவ பாத்தாளா இல்லையான்னு இது சொல்லாது எமில்."

"சொல்லாது."

"பாக்க முடியாதுன்னு மட்டும் சொல்லுது."

"எனக்குக் காது கேக்குதுப்பா" என்றார் எமில். "இதுல எத அழிப்ப நீ?"

"எப்பவும்னா எல்லாத்தையும் அழிச்சிருப்பேன்."

"அழிக்காத."

திரும்பும் வழியில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வயல், வேலிக் கம்பம், பனியில் மாட்டின் தடம் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. எமில் ஒரு இடத்தில் வேகத்தைக் குறைத்து, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். மறுபடி உறைந்திருந்தது. வண்டியை நிறுத்தாமல் போனார்.

"அந்த வார்த்தய நான் சொன்னது சொன்னதுதான்" என்றார். "அது இல்லன்னு இந்தப் படம் ஆக்காது."

"ஆக்காது."

"ஆனா அவ அதுக்காகப் போயி முட்டல."

எமில் அவனைக் கேட்கவில்லை. தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு தரம் சொன்னார், இந்த முறை இன்னும் சாதாரணமாக, நாளைக்குப் பனி பெய்யும் என்பது போல.

திங்கட்கிழமை மெர்வின் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு ஷெரீப் ஆபீஸுக்குப் போனான். அதே இளைஞன் இருந்தான்.

"நான் அன்னிக்கு சொன்னத மாத்தணும்."

"எத?"

"பிரேக் சத்தம் கேக்கலன்னேன். நான் கேட்டுக்கிட்டே இல்ல. குனிஞ்சு கேமராவப் பாத்துக்கிட்டிருந்தேன். போட்டாளா போடலையான்னு எனக்குத் தெரியாது. ரயில் சத்தத்துல யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"அதான் விஷயம் முடிஞ்சு போச்சே. விபத்துன்னு எழுதியாச்சு. யாரும் வேற மாதிரி எழுதல."

"எழுதலதான். சொல்றாங்க."

இளைஞன் அவனை ஒரு மாதிரி பார்த்தான். பேனாவை எடுத்தான். மெர்வின் படங்களையும் கொடுத்தான். வெள்ளைப் படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லையே" என்றான் அவன்.

"ஆமா" என்றான் மெர்வின்.

வீட்டுக்கு வந்து, பூட்ஸைக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான். இப்போதாவது ஏதாவது வரும் என்று காத்திருந்தான். குளிர்சாதனப் பெட்டி உறுமி நின்றது. ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் பசித்தது. முட்டை பொரித்துச் சாப்பிட்டான். உப்பு தெரிந்தது. அதை மட்டும் என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறான்.

ஊரின் பேச்சு உடனே மாறவில்லை, ஆனால் தேய்ந்தது. டுவேன் காபிக் கடையில் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ரயில் எங்கே என்று காட்டுபவனுக்கு என் செலவில் காபியும் கேக்கும் என்று ஒரு மாதம் திரிந்தான். யாராலும் காட்ட முடியவில்லை. அதற்குப் பிறகு யாரும் தலையை ஆட்டவில்லை.

ஜானெல் ஊர்க் கல்லறையில், அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். எமில் அதற்குப் பின் ஆறு வருஷம் இருந்தார். மாடுகளை விற்றுவிட்டு, கடைசிக் குளிர்காலத்தில் தூக்கத்தில் போனார். பால் பண்ணை ரோட்டுக்கு இன்றைக்கும் கட்டை போடவில்லை. கிழக்குப் பக்கத்து விளக்குகளை மட்டும் பெரிதாக்கினார்கள். ஷெரீப் ஆபீஸ் இளைஞன் வேலையை விட்டு லிங்கன் நகரத்துக்குப் போய்விட்டான். டுவேன் மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, தடி ஊன்றி, இன்னமும் பெட்டிகளைப் படம் எடுக்கிறான். மெர்வின் கேமராவை விற்கவில்லை, எடுக்கவும் இல்லை. உதிரிபாகக் கடையில் இருக்கிறான். சனிக்கிழமைகளில் கடையைத் திறந்து வைக்கிறான்.